மார்ச்ல மலை ஏறலாமா? ஒரு தேக்குக் காட்டு நடைக்குத் திட்டம் போட்ட கதை

ராஜா அண்ணாமலைபுரத்துல, எங்க வீட்டு மூணாவது மாடி ரூம்ல உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். எங்க ஏரியா பேர்லயே மலை இருக்கு. ஆனா நிஜமா எதையாவது ஏறணும்னா கிரீன்வேஸ் ரோடு பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டைத்தான் ஏறணும். அடையாறு கடல்ல கலக்கிற இடத்துக்குப் பக்கத்துல, தரைமட்டமா வாழற ஆட்கள் நாங்க. அதனாலயோ என்னவோ, மலைன்னு யாராவது சொன்னா உடனே ஷூவை எடுத்துடுவோம்.

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல ஆரம்பிச்சது. எங்க அஞ்சு பேர் குரூப்ல ஒருத்தன் ஒரு போஸ்டரை ஃபார்வர்ட் பண்ணியிருந்தான். மார்ச் மாசம், ஒரு வீக்எண்ட், மேற்குத் தொடர்ச்சி மலையில ஒரு நாள் ட்ரெக். ரேட்டும் கம்மி. கீழே சின்ன எழுத்துல, பர்மிஷன் பத்திக் கவலைப்படாதீங்க, நாங்க பார்த்துக்கறோம்னு ஒரு வரி. அஞ்சு நிமிஷத்துல நாலு தம்ஸ் அப் விழுந்தாச்சு. நான் மட்டும் பாக்கி.

சாப்பிடும்போது அம்மாகிட்ட சொன்னேன். அவங்க எங்கே, எவ்வளவுன்னு எதுவும் கேட்கல. "மார்ச்லயா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அந்த ஒரு வார்த்தைக்குள்ள 2018 இருக்கு. அது அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால குரூப்ல 'ஒரு வாரம் டைம் குடுங்க'ன்னு போட்டுட்டு நானே ஒரு திட்டம் போட உட்கார்ந்தேன். மிதமான நடை, ஒரே நாள், நல்ல மரங்கள் இருக்கிற மலைக்காடு. அவ்வளவுதான் வேணும். எங்கே போறது, எப்போ போறது, யாரோட போறதுன்னு மூணு கேள்வி. மூணுக்கும் பதில் தேடப் போன இடமெல்லாம் வரலாறுதான் கிடைச்சது.

வீட்டுக் கதவு

முதல்ல, ஏன் தேக்குக் காடு? காரணம் எங்க வீட்டு வாசல்லயே இருக்கு. எங்க தாத்தா கட்டின தனி வீட்டை இடிச்சு ஃபிளாட் ஆக்கினப்போ, பழைய வாசக்கதவை மட்டும் கழட்டிப் பத்திரமா வச்சிருந்து புது வீட்டுக்கு மாட்டினோம். மாட்ட வந்த ஆசாரி அதைத் தட்டிப் பார்த்துட்டு, "பர்மா தேக்குங்க, வித்துடாதீங்க"ன்னார்.

சென்னையில பழைய வீட்டைப் பத்திப் பேசினா பர்மா தேக்கு தானா வந்துடும். எங்க ஏரியாவுக்குப் பேர் குடுத்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பிறந்த செட்டிநாட்டுல, வீடு வீடா பர்மா தேக்குத் தூண்தான். நகரத்தார் பர்மாவுல வட்டிக்கடை வச்சு, நெல் விளையற பூமிக்குக் கடன் குடுத்துச் சம்பாதிச்ச காலம் அது. பணம் வந்த வழியிலயே மரமும் வந்தது.

ஆனா ஒரு விஷயம் எனக்கு இடிச்சது. தேக்குன்னு பேர் வச்சதே நம்ம பக்கம்தான். தமிழ்லயும் மலையாளத்துலயும் தேக்கு. போர்ச்சுகீசியர் வாயில அது 'டெக்கா' ஆச்சு, அங்கேருந்து இங்கிலீஷ்ல 'டீக்' ஆச்சு. பெரும்பாணாற்றுப்படையில தேக்கு இலையில சோறு போடறாங்க. அந்த அளவுக்கு நம்ம காட்டு மரம். அப்புறம் ஏன் நம்ம கதவுக்கு பர்மாவுல இருந்து மரம் வரணும்?

நம்ம மரத்தை அதுக்கு முன்னாடியே கப்பல் கொண்டு போயிடுச்சு, அதான்.

பிரிட்டிஷ் கடற்படைக்கு ஓக் மரம் தட்டுப்பாடு வந்தப்போ பம்பாய் கப்பல் கட்டும் தளம் பெரிசாச்சு. மலபார் தேக்குல அங்கே கப்பல் கட்டினாங்க. 1817-ல பம்பாயில கட்டின எச்.எம்.எஸ். டிரிங்கோமலி இன்னிக்கும் இங்கிலாந்துல ஹார்டில்பூல் துறைமுகத்துல மிதந்துட்டிருக்கு. 200 வருஷத்துக்கு மேல தண்ணியில நிக்கிற மரம். அதுக்காக 1806-லயே கேப்டன் வாட்சன்னு ஒருத்தரை மலபார் காடுகளுக்குப் பாதுகாவலரா கம்பெனி நியமிச்சது. காட்டைக் காப்பாத்தறதுக்கு இல்ல, கப்பலுக்கு மரம் தடையில்லாம வரணும்கிறதுக்கு. தேக்கு முழுக்க கம்பெனிக்குன்னு ஆனதும் வியாபாரிகளும் ஊர்க்காரங்களும் எதிர்த்தாங்க. மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1823-ல அந்தப் பதவியையே எடுத்துட்டார்.

அதுக்கப்புறம் யார் வேணா வெட்டலாம்னு ஆச்சு. இருபது வருஷத்துல பெரிய மரம் தேடணும்னா மலைக்குள்ள ரொம்ப தூரம் போகணும்கிற நிலைமை. 1840-கள்ல மலபார் கலெக்டர் கனோலி, சாத்து மேனன் உதவியோட நிலம்பூர்ல தேக்கை நட ஆரம்பிச்சார். இன்னொரு பக்கம், வெட்டாத காட்டைத் தேடிக் கோடாரி ஆனைமலைக்கு வந்தது. நான் தேடின முதல் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைச்சது.

எங்கே: மரம் சறுக்கின இடம்

பொள்ளாச்சியில இருந்து சேத்துமடை வழியா சுமார் 35 கிலோமீட்டர் போனா டாப்ஸ்லிப். கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 750 மீட்டர். பேரை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், என்ன அர்த்தம்னு யோசிச்சதில்ல. மலை உச்சியில வெட்டின தேக்குக் கட்டைகளை யானை இழுத்துட்டு வரும். விளிம்புல இருந்து சரிவுல சறுக்கி விடுவாங்க. கீழே போய் விழும். அந்தச் சறுக்குப் பாதைதான் 'ஸ்லிப்'. அதோட மேல்முனை டாப்ஸ்லிப். ஒரு ஊரோட பேரே ஒரு வேலையோட பேர்.

1848-ல ஆனைமலையில அரசாங்க மரவேலையைப் பார்க்க லெப்டினன்ட் ஜேம்ஸ் மைக்கேல்ங்கிறவரை அனுப்பினாங்க. பம்பாய் தளத்துக்கு மரம் அனுப்பறதுதான் வேலை. அவருக்கப்புறம் டக்ளஸ் ஹாமில்டன், அப்புறம் பெட்டோம்னு ராணுவ ஆட்கள் வரிசையா வந்தாங்க. 1856-ல மதராஸ் மாகாணத்துக்குன்னு தனியா வனத்துறை வந்தது. முதல் தலைவர் ஹியூ கிளெக்ஹார்ன், நம்ம மதராஸ் மெடிக்கல் காலேஜ்ல தாவரவியல் சொல்லிக் குடுத்த டாக்டர். அதே 1856 ஜூலை 1-ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் கிளம்பினது. இது ரெண்டும் ஒரே வருஷத்துல நடந்ததைப் பார்க்கறப்போ எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ரயிலுக்குத் தண்டவாளக் கட்டை வேணும், எரிக்க விறகு வேணும். மரத்தைக் காக்க ஒரு துறையும், மரத்தைத் தின்ன ஒரு ரயிலும் ஒண்ணாப் பிறந்திருக்கு.

மேற்குக் கரைத் தேக்கு மெலிய மெலிய, பிரிட்டிஷார் கண்ணு பர்மா மேல போச்சு. 1826 போருக்கப்புறம் தெனாசரிம், 1852-ல பெகு, 1885-ல மிச்சம். அந்தக் கடைசிப் போருக்கு முன்னாடி நடந்த சண்டையே ஒரு மரக் கம்பெனி வெட்டின தேக்குக்கு எவ்வளவு வரி கட்டணும்கிறதைப் பத்தித்தான். எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்குன்னு ஆசாரிக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. எனக்கும் தெரியாது, போன மாசம் வரைக்கும்.

ஒரு கல்லறை

டாப்ஸ்லிப்ல ஒரு வெள்ளைக்காரரோட கல்லறை இருக்கு. ஹ்யூகோ உட். 1910-களோட நடுவுல இந்தப் பக்கம் வந்த வன அதிகாரி. அவர் வந்தப்போ காடு வெட்டி வெட்டி வெறிச்சோடிக் கிடந்தது.

அவர் செஞ்ச முக்கியமான காரியம் கேட்க ரொம்ப சாதாரணமா இருக்கும். தேக்கை வேரோட எடுக்காதே, அடிக்கட்டையை விட்டு வெட்டுன்னார். தேக்குக்கு அடிக்கட்டையில இருந்து துளிர்க்கிற குணம் உண்டு. வேர் ஏற்கெனவே ஆழமா இருக்கறதால அந்தத் துளிர் வேகமா வளரும். ஒரு பகுதியை வெட்டிட்டு அது வளர்ற வரைக்கும் அங்கே கை வைக்காம அடுத்த பகுதிக்குப் போகலாம். கூடவே புதுசா நட்டார். பாக்கெட் நிறைய தேக்கு விதையோட நடப்பார், கைத்தடியால மண்ணுல குத்தி ஒவ்வொரு விதையா போடுவார்னு அந்தப் பக்கம் இன்னிக்கும் கதை சொல்றாங்க. ஒரு மனுஷன் கைத்தடியால மட்டும் ஒரு காட்டை நட்டிருக்க முடியாது. பின்னாடி எத்தனை பேர் குழி தோண்டினாங்க, எத்தனை பேர் நாற்று சுமந்தாங்க? அந்தக் கதையில அவங்க இல்ல.

1933-ல குன்னூர்ல இறந்தார். தன் தேக்குகளுக்கு நடுவுல புதைக்கணும்னு கேட்டிருந்தார், அப்படியே செஞ்சாங்க. கல்லறையில லத்தீன்ல ஒரு வாசகம்: என் நினைவுச் சின்னத்தைத் தேடறியா, சுத்திப் பாருன்னு அர்த்தம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டின கிறிஸ்டோபர் ரென் கல்லறையிலயும் இதேதான் எழுதியிருக்கு. அங்கே சுத்திப் பார்த்தா கட்டடம், இங்கே சுத்திப் பார்த்தா மரம்.

ஆனா சுத்திப் பார்க்கறப்போ ஒண்ணைக் கவனிக்கணும். மரங்கள் வரிசையா, ஒரே பருமன்ல, ஒரே இடைவெளியில நின்னா அது நட்டது. பல மரம், மூங்கில், கொடி எல்லாம் கலந்து கிடந்த இடத்தைச் சுத்தம் பண்ணி ஒரே மரமா ஆக்கின இடமா இருக்கலாம். நாம 'கன்னிக்காடு'ன்னு ஸ்டோரி போடற பல இடம் நிஜத்துல நூறு வருஷத்துத் தோட்டம். அதுக்காக அது பொய்க்காடு ஆயிடாது. யானையும் காட்டெருமையும் அங்கேதான் நடக்குது. ஆனா இயற்கை சும்மா குடுத்த காடுன்னு நினைச்சு நடக்கறதும், மனுஷன் கை பட்ட காடுன்னு தெரிஞ்சு நடக்கறதும் வேற வேற.

எப்போ: சருகு

இப்போ அம்மா கேட்ட கேள்விக்கு வரேன்.

தேக்கு இலையுதிர் மரம். மழை ஓய்ஞ்சதும் இலையைக் கொட்ட ஆரம்பிக்கும். பிப்ரவரி, மார்ச்ல மொட்டையா நிக்கும். அதோட இலை சின்ன இலை இல்ல. ஒரு தட்டு சைஸ் இருக்கும், அதான் அதுல சோறு போட முடிஞ்சது. அது காய்ஞ்சா அப்பளம் மாதிரி நொறுங்கும். அந்த மாசம் அங்கே நடக்கறதுன்னா முழங்கால் கீழே முழுக்க எரிபொருளை வச்சுட்டு நடக்கறது மாதிரி. பெரிய தேக்கு மரம் தரையோட போற தீயைத் தாங்கிக்கும். நாம தாங்க மாட்டோம்.

இது பழைய பிரச்சினை. ஆனைமலையில மரவேலை பார்த்த மைக்கேலே தீயைத் தடுக்க முயற்சி பண்ணினவர்தான். 1882-ல வந்த மதராஸ் வனச் சட்டம் காப்புக்காட்டுல தீ மூட்டறதைக் குற்றம் ஆக்கினது. அனுமதி இல்லாம உள்ளே நுழையறதையும் சேர்த்துத்தான். பேர் மாறி, திருத்தம் வந்து, அந்த 1882 சட்டம்தான் இன்னிக்கும் தமிழ்நாட்டுல இருக்கு. மரத்தைக் காப்பாத்த எழுதின சட்டம். நடக்கறவங்களைக் காப்பாத்தணும்கிற யோசனை அதுக்கு ரொம்ப காலத்துக்கப்புறம், ரொம்பப் பெரிய விலை குடுத்துதான் வந்தது.

2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் பக்கம் குரங்கணி. சென்னையில இருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் போன ரெண்டு குழு கொழுக்குமலையில இருந்து இறங்கிட்டு இருந்தாங்க. நிறைய பேர் பெண்கள், நிறைய பேர் இருபதுகள்லயும் முப்பதுகள்லயும் இருந்தவங்க. காய்ஞ்ச புல்லுல தீ பிடிச்சது, காத்து அதைச் சரிவுல மேலே தள்ளினது. தீ மலைச்சரிவுல மேல்நோக்கி எவ்வளவு வேகமாப் போகும்னு நகரத்துல வளர்ந்த நமக்குத் தெரியறதில்ல. மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே சூடாக்கிட்டே ஏறும். ஓடி ஜெயிக்க முடியாது. அன்னிக்கும் அடுத்த வாரங்கள்ல ஆஸ்பத்திரியிலயுமா மொத்தம் 23 பேர் இறந்தாங்க.

அப்போ நான் காலேஜ்ல இருந்தேன். இறந்தவங்க பேரை டிவியில வாசிக்க வாசிக்க அம்மா வால்யூமைக் குறைச்சது ஞாபகம் இருக்கு. அவங்கள்ல யாரும் விளையாட்டுத்தனமாப் போனவங்க இல்ல. நம்ம மாதிரி வாரம் முழுக்க உழைச்சுட்டு, ஒரு நாள் மலையைப் பார்க்கணும்னு போனவங்க. அவங்க தப்பு என்னன்னு தோண்டறதுல எனக்கு இஷ்டமில்ல. ஆனா அதுக்கப்புறம் அரசாங்கம் விசாரணை வச்சு, அதே 2018-ல மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் கொண்டு வந்தது. பாதைகளை எளிது, மிதமானது, கடினம்னு பிரிச்சாங்க. அனுமதி, வழிகாட்டி எல்லாம் கட்டாயம் ஆச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 14 மாவட்டத்துல 40 பாதைகளை ஆன்லைன்ல பதிவு பண்ற வசதி வந்தது. 2025-ல பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் தீக்காலம்னு அதை மூடி வச்சாங்க.

அப்போ அந்த போஸ்டர்ல இருந்த "பர்மிஷனை நாங்க பார்த்துக்கறோம்"ங்கிற வரிக்கு என்ன அர்த்தம்? மார்ச்ல அவங்க பார்த்துக்க அங்கே என்ன இருக்கு? குரூப்ல இதை எழுதினேன். போஸ்டரை அனுப்பினவன் கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி மச்சி, நீயே ஒரு தேதி சொல்லு"ன்னான். நாலு தம்ஸ் அப்பும் ஒண்ணொண்ணா காணாமப் போச்சு.

யாரோட

மூணாவது கேள்வி வழிகாட்டி. இப்போ இந்தப் பாதைகள்ல கூட வர்றவங்க பெரும்பாலும் பழங்குடி இளைஞர்களும் காட்டோரக் கிராமத்துக்காரங்களும்தான். ஆனைமலைன்னா காடர், மலசர், மலைமலசர், புலையர், முதுவர், இரவாளர். மலசர்லயும் மலைமலசர்லயும் யானைப் பாகன்கள் பரம்பரையா உண்டு. டாப்ஸ்லிப் பக்கம் இருக்கிற கோழிக்கமுத்தி முகாம்ல யானையைப் பார்த்துக்கறவங்க அவங்கதான். கலீம்னு ஒரு கும்கி பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. 99 ஆபரேஷன் முடிச்சு 2023-ல ரிடையர் ஆச்சு. கட்டை இழுத்த காலம் போய், ஊருக்குள்ள வந்த யானையைத் திருப்பி அனுப்பற வேலைக்கு வந்த முகாம் அது.

மெட்ராஸ் யுனிவர்சிட்டி மானுடவியல் துறைக்குத் தலைவரா இருந்த எரன்ஃபெல்ஸ், கொச்சிப் பகுதிக் காடரைப் பத்தி 1952-ல ஒரு புத்தகமே போட்டார். மலைக்கு அந்தப் பக்கம் பரம்பிக்குளத்துல இருந்து சாலக்குடிக்கு மரம் இறக்க கொச்சி சமஸ்தானம் போட்ட டிராம் பாதை அப்போ ஓடிட்டிருந்தது. 1963-ல நிறுத்தினாங்க. காட்டுக்குள்ள வெளியாள் வர்றதுக்கு எப்பவுமே ஒரு வழி போட்டிருக்காங்க. சறுக்குப் பாதை, டிராம், அப்புறம் ஜீப் ரோடு. உள்ளே இருந்தவங்களைக் கேட்டுப் போட்டது ரொம்பக் கம்மி.

1882-ல எழுதின சட்டம் அங்கேயே பிறந்தவங்களையும் அத்துமீறி நுழையற ஆள் மாதிரி ஆக்கினது. 2006 வன உரிமைச் சட்டம் வந்தப்புறம்தான் அவங்க உரிமை காகிதத்துல ஏறினது, அதுவும் இன்னும் முழுசா கைக்கு வரல. அதனால 'கைடு வேற எதுக்கு, மேப் இருக்கே'ன்னு நம்ம குரூப்ல யாராவது சொன்னா, இதைச் சொல்லுங்க. மேப்ல யானை நிக்கிற இடம் வராது. பாதையில கிடக்கிற சாணம் இன்னும் சூடா இருக்கான்னு பார்த்து, "இப்படி வேணாம், அப்படிப் போலாம்"னு சொல்றதுக்கு அங்கே வளர்ந்த ஆள் வேணும்.

எங்க பிளான்

சரி, கடைசியா நாங்க முடிவு பண்ணினது. டாப்ஸ்லிப்ல இருந்து பண்டாரவரை பாதை, சுமார் 8 கிலோமீட்டர். தேதி டிசம்பர் கடைசி. வடகிழக்கு மழை அடங்கியிருக்கும், சருகு இன்னும் முழுசா காஞ்சிருக்காது.

சென்ட்ரல்ல ராத்திரி பாலக்காடு எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில பொள்ளாச்சி. அன்னிக்கே மலைக்கு ஓட வேணாம். ராத்திரி ரயில்ல சரியாத் தூங்காம நடக்கறதுதான் பாதி சுளுக்குக்குக் காரணம். அன்னிக்குப் பொள்ளாச்சியில தங்கிட்டு, மறுநாள் விடியக்காலம் வண்டி. டாப்ஸ்லிப்புக்கு பஸ் கம்மி, அதனால திரும்பற வண்டியையும் முன்னாடியே பேசி வச்சுடணும்.

ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. மழை விட்ட பிறகும் ஈரமான இடத்துல அட்டை இருக்கும், அதனால முழங்கால் வரைக்கும் சாக்ஸ். பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத்துல துணி. சென்ட் வேணாம், ஸ்பீக்கர் வேணவே வேணாம். சத்தம் இல்லாம நடந்தா இருவாச்சி இறக்கை அடிக்கிற சத்தம் நமக்கு முன்னாடி கேட்கும். லைட்டர், சிகரெட் எதுவும் பையில இருக்கக் கூடாது. இதுல மட்டும் குரூப்ல வோட்டு எடுக்கல, நான் சொன்னதுதான். இருட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே வெளியே வந்துடணும். வழிகாட்டி திரும்பச் சொன்னா, பாதி வழியா இருந்தாலும் திரும்பறோம். குடுத்த காசு போனாப் போகுது.

பயிற்சியும் ஆரம்பிச்சாச்சு. வாரத்துல மூணு நாள் காலையில, எங்க வீட்டுல இருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை வரைக்கும் நடந்து வர்றோம். ஞாயித்துக்கிழமை மட்டும் கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷன் படிக்கட்டு, பையில தண்ணி பாட்டிலோட பத்துத் தடவை. ஸ்டேஷன் வாட்ச்மேன் முதல் வாரம் சந்தேகமாப் பார்த்தார். இப்போ எத்தனாவது ரவுண்டுன்னு அவரே எண்ணிச் சொல்றார்.

கடைசியா ஒரு வேலை. ஒரு ஏ4 பேப்பர்ல எல்லாத்தையும் எழுதினேன். எந்தப் பாதை, எத்தனை மணிக்கு உள்ளே போறோம், எத்தனை மணிக்குள்ள வெளியே வரணும், வண்டிக்காரர் நம்பர், வனத்துறை ஆபீஸ் நம்பர், எத்தனை மணி வரைக்கும் போன் வரலைன்னா யாரைக் கூப்பிடணும். நீங்க எங்கே நடக்கப் போனாலும் இப்படி ஒரு பேப்பரை வீட்டுல குடுத்துட்டுப் போங்க. காட்டுக்குள்ள சிக்னல் இருக்காது. நாம எங்கே இருக்கோம்னு வெளியே ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

அம்மா அதை ரெண்டு தடவை படிச்சாங்க. "டிசம்பர்ல அங்கே குளிருமாடி?"ன்னு கேட்டாங்க. காலையில கொஞ்சம் குளிரும்னேன். பேப்பரை ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல மாட்டிட்டு, ஸ்வெட்டர் தேட பரண் மேல ஏறிட்டாங்க.

போயிட்டு வந்து மிச்சத்தைச் சொல்றேன். அதுவரைக்கும், உங்க வீட்டுப் பழைய கதவை ஒரு தடவை தட்டிப் பாருங்க.